ஓர் ஆசனம், மூன்று உறுப்பினர்: டோக்கியோ முதலாந் தொகுதியின் தேர்தல் வரலாறு குறித்து ஒரு கண்டனம்

வாக்காளனுக்குள்ள உரிமைகளுள் தலையாயது தன் பிரதிநிதியைப் பதவியினின்றும் நீக்கும் உரிமையேயாகும். தெரிவு செய்வதில் மக்கள் பலமுறை ஏமாறுகின்றனர். வேட்பாளரின் நாவன்மையும் கட்சிகளின் வாக்குறுதிகளும் அவர்களை மயக்கிவிடலாம். ஆயின் ஒருவரது செயலைச் சில ஆண்டுகள் கண்ட பின்னர் ‘இவர் வேண்டா’ என்று கூறும்போது அவர்கள் அனுபவத்தின் மேல் நின்று தீர்ப்பளிக்கின்றனர். அத் தீர்ப்புச் செல்லாதாயின் தேர்தல் வெறுஞ் சடங்காகிவிடும்.

யப்பானின் தலைநகரில், பாராளுமன்றக் கட்டடத்தையே தன் எல்லைக்குள் கொண்ட டோக்கியோ முதலாந் தொகுதியில், இத் தீர்ப்புக்கு நேர்ந்த கதியை எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம். 2021 ஒக்ரோபர் 31 ஆந் திகதி அத் தொகுதி வாக்காளர் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யச் சென்றனர். போட்டியிட்டோர் நால்வர். வாக்குகள் எண்ணப்பட்டு யாவும் நிறைவுற்றபோது முதலாமிடம் பெற்றவரும், இரண்டாமிடம் பெற்றவரும், மூன்றாமிடம் பெற்றவரும் ஆகிய மூவருமே பிரதிநிதிகள் சபையின் உறுப்பினராயிருந்தனர். ஐயாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளைப் பெற்ற நான்காமவர் ஒருவரே உண்மையில் தோற்றவராவர்.

இது ஒருமுறை நேர்ந்த விபத்தென்று எவரும் சமாதானங் கூறவியலாது. 1996 தொடக்கம் 2024 வரை இத் தொகுதி பத்துப் பொதுத் தேர்தல்களைக் கண்டது. அவற்றுள் ஆறில், இரண்டாமிடம் பெற்றுத் தோற்றவர் வேறொரு வாயிலால் அதே சபைக்குள் நுழைந்தார். முன் வாயிலில் மக்கள் தடுத்தவரைப் பின் வாயிலாற் கட்சி அழைத்துக்கொண்டது. இதனைச் சனநாயகத்தின் சீர்திருத்தம் எனச் சட்ட நூல்கள் பெயரிட்டழைக்கின்றன. சீர்திருத்தம் என்னும் சொல்லுக்கு இதனிலும் பெரிய இழுக்கு வேறில்லை என்பதே எமது கருத்து.

பழைய தொகுதியும் பழைய தோல்விகளும்

போருக்குப் பிந்திய யப்பானிய அரசியலின் எல்லாப் போக்குகளும் டோக்கியோ முதலாந் தொகுதியில் ஒருங்கே தோன்றின. யப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து, 39 பெண்களைச் சபைக்கனுப்பிய 1946 ஏப்பிரற் பொதுத் தேர்தலில், பழைமை பேணும் தாராண்மைக் கட்சியின் தலைவர் ஹத்தோயாமா இச்சிரோ, சமவுடைமைக் கட்சியின் அசனுமா இனெஜிரோ, சீனத்தின் யெனானிலிருந்து சில மாதங்களுக்கு முன்னரே தாயகம் மீண்ட கம்யூனிஸ்ற் தலைவர் நோசாக்கா சான்சோ ஆகிய மூவரும் இத் தொகுதியிற் றெரிவாயினர். பிரதமராகும் நிலையிலிருந்த ஹத்தோயாமாவை அடுத்த மாதமே ஆக்கிரமிப்பு நிருவாகம் பொதுவாழ்வினின்றும் விலக்கியது. அவர் சபைக்கு மீண்டது 1952 இலாகும். 1954 திசெம்பரிற் பிரதமராயினார். நோசாக்காவை 1950 இல் அதே நிருவாகம் விலக்கியது. அசனுமா சமவுடைமைக் கட்சியின் தலைவராக உயர்ந்து, 1960 ஒக்ரோபர் 12 ஆந் திகதி ஹிபியாப் பொது மண்டபத்தில், கட்சித் தலைவர்களின் தேர்தற் கூட்டமொன்றிற் பேசிக்கொண்டிருக்கையில், பதினேழு வயதுத் தீவிர வலதுசாரி இளைஞனொருவனாற் குத்திக் கொல்லப்பட்டார். அம் மண்டபம் அமைந்திருந்த சியோதா வட்டாரமும் இதே தொகுதியைச் சேர்ந்ததே. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவர்தம் மனைவியாரை அத் தொகுதி மக்கள் தெரிவு செய்தனர்.

1947 தொடக்கம் 1993 வரை யப்பானில் நிலவிய தேர்தல் முறையில் ஒவ்வொரு தொகுதியும் பெரும்பாலும் மூவர் முதல் ஐவர் வரையான உறுப்பினரை அனுப்பியது. வாக்காளனுக்கோ ஒரு வாக்கே உரியது. பெருங் கட்சியொன்று ஒரே தொகுதியில் இருவரையோ மூவரையோ நிறுத்த வேண்டியிருந்தமையால், ஒரே கட்சியின் வேட்பாளர் தமக்குள்ளேயே மோதினர். கொள்கையில் வேறுபாடு இல்லாதவிடத்துப் பணமும் பரிசிலும் திருமண வீட்டு மொய்யும் மரண வீட்டு உபகாரமும் வேறுபாடாயின. தாராண்மைச் சனநாயகக் கட்சிக்குள் உட்குழுக்கள் வேரூன்றின. 1976 இல் வெளிவந்த லொக்ஹீட் ஊழலும், 1988 இன் ரிக்ரூட் ஊழலும், 1992 இன் சகாவா கியூபின் ஊழலும் இம் முறையின் கனிகள் எனக் கருதப்பட்டன. இக் குறைகளை நாம் மறைக்க முனையவில்லை.

ஆயினும் அம் முறையில் ஒரு நேர்மை இருந்தது. வென்றவர் உள்ளே சென்றார். தோற்றவர் வெளியே நின்றார். இத் தொகுதியின் பிற்கால நாயகர்களுள் ஒருவராகிய யொசானோ கவோருவின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1904 இல் ருஷ்ய - யப்பானியப் போரின்போது களத்திலிருந்த தம்பியை விளித்துப் போரெதிர்ப்புக் கவிதை பாடிய யொசானோ அக்கிகோவின் பேரன் இவர். 1972 இல் முதலாந் தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றார். 1976 இல் வென்றார். 1979 இல் மீண்டுந் தோற்றார். 1980 இல் மீண்டும் வென்றார். தோற்ற ஒவ்வொரு முறையும் அவர் சாதாரண குடிமகனாகவே வாழ்ந்து, மக்களிடம் மறுபடியுஞ் சென்று, அவர்களின் சம்மதத்தைப் பெற்றே சபைக்கு மீண்டார். பாட்டன் பாட்டியின் புகழோ கட்சியின் தயவோ அவருக்கு வேறொரு கதவைத் திறந்துவிடவில்லை. அக்காலத்தில் அப்படியொரு கதவே இருக்கவில்லை.

1993 யூலைத் தேர்தலில் இதே தொகுதியில் யொசானோ மீண்டும் வென்றார். அவருடன் புதிதாகத் தெரிவானவர்களுள் ஒருவர், யப்பான் புதிய கட்சியின் சார்பில் நின்ற பொருளாதார விமர்சகர் கையெதா பன்ரி. ஒருவர் ஆளுங் கட்சியின் மூத்தவர். மற்றவர் அவ்வாட்சியை வீழ்த்த வந்த புதியவர். இருவரையும் முதலாந் தொகுதி ஒரே நாளில் ஒரே சபைக்கு அனுப்பியது. பல்லுறுப்பினர் தொகுதியென்றால் அதுதான் இயல்பு. இச் செய்தியை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த யாவற்றையும் அளக்கும் கோல் இதுவே.

1994 இன் வாக்குறுதி

1955 இலிருந்து தொடர்ந்து ஆண்ட தாராண்மைச் சனநாயகக் கட்சி 1993 இல் முதன்முறையாக ஆட்சியை இழந்தது. கையெதாவின் கட்சித் தலைவராகிய ஹொசொகாவா மொரிஹிரோ கூட்டரசின் பிரதமரானார். 1994 சனவரியில் அவரும் எதிர்க்கட்சித் தலைவர் கோனோ யோஹெய்யும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே புதிய தேர்தற் சட்டம் பிறந்தது. 500 ஆசனங்களுள் 300 ஒற்றையுறுப்பினர் தொகுதிகளுக்கும், 200 பதினொரு பிரதேசங்களில் விகிதாசாரப் பட்டியலுக்கும் ஒதுக்கப்பட்டன. இவ்வெண்ணிக்கை பின்னர் பல தடவை குறைக்கப்பட்டு 2017 இல் 289 உம் 176 உமாக அமைந்தது. வாக்காளனுக்கு இரு வாக்குகள்: ஒன்றில் வேட்பாளரின் பெயரையும் மற்றதிற் கட்சியின் பெயரையும் அவன் எழுதுவான்.

இச் சீர்திருத்தத்தின் ஆதரவாளர் மக்களிடம் கூறியது யாது? பல்லுறுப்பினர் தொகுதியில் எல்லாக் குரலும் சபையில் ஒலிக்கும். ஆனால் ஆட்சி மாறாது. ஒற்றையுறுப்பினர் தொகுதியிற் சில குரல்கள் இழக்கப்படும். ஆனால் மக்களின் கையில் வாள் இருக்கும், வேண்டாதவரை அவர்கள் வெட்டி வீழ்த்தலாம். சுருங்கக் கூறின், பன்மையை விலையாகக் கொடுத்து நீக்கும் அதிகாரத்தை வாங்குங்கள் என்பதே பேரம்.

விலை வாங்கப்பட்டது. பொருள் கொடுக்கப்படவில்லை. எவ்வாறெனில், தொகுதி வேட்பாளர் ஒருவர் அதே வேளையில் தம் கட்சியின் பிரதேசப் பட்டியலிலும் இடம்பெறலாம் எனச் சட்டம் அனுமதித்தது. கட்சிகள் தம் தொகுதி வேட்பாளர் பலரைப் பட்டியலில் ஒரே தரவரிசையில் வைத்தன. தொகுதியில் வென்றவர் பட்டியலினின்றும் நீங்குவார். தோற்றவர்களுள் எவர் பட்டியல் ஆசனம் பெறுவர் என்பது, அவரவர் வாக்கு அத் தொகுதியில் வென்றவரின் வாக்கில் எத்தனை சதவீதம் என்னும் கணக்கினாலே தீர்மானிக்கப்படும். இவ்வாறு சபைக்கு மீண்டோரை யப்பானியப் பத்திரிகைகள் ‘மீண்டுயிர்த்தோர்’ எனக் குறிப்பிடுகின்றன. மக்களின் வழக்கிலோ அவர்களுக்கு ‘நடைப்பிண உறுப்பினர்’ என்னும் பெயர் உண்டு. அறிஞர்தம் சட்ட விளக்கங்களிலும் பார்க்கப் பாமரரின் இப் பெயரே உண்மைக்கு அணுக்கமானது.

இக் கணக்கின் விசித்திரத்தை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். ஒரு தொகுதியில் வென்றவர் 100,000 வாக்குகள் பெற, ஒருவர் 90,000 பெற்றுத் தோற்கின்றார் எனக் கொள்வோம். அவரது விகிதம் 90. வேறொரு தொகுதியில் வென்றவர் 60,000 பெற, ஒருவர் 57,000 பெற்றுத் தோற்கின்றார். அவரது விகிதம் 95. தொண்ணூறாயிரம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர் வீடு செல்ல, ஐம்பத்தேழாயிரம் பேரின் நம்பிக்கையைப் பெற்றவர் சபை செல்வார். மக்களின் ஆதரவு இங்கு அளக்கப்படவில்லை. எதிரியின் பலவீனமே அளக்கப்படுகின்றது. 1996 இன் முதற் றேர்தலிற் கட்டுப்பணத்தையே இழந்த வேட்பாளர் சிலர்கூட இவ்வழியால் உறுப்பினராயினர். நாடு நகைத்தது. அதன் பின்னரே, 2000 ஆம் ஆண்டில், தொகுதியிற் பத்திலொரு பங்கு வாக்காயினும் பெறாதார் இவ்வாறு மீள இயலாது என்னும் திருத்தம் வந்தது. திருட்டுக் கதவைப் பூட்டாமல், அதன் உயரத்தை மட்டும் சற்றுக் குறைத்த திருத்தம் அது.

இருவர் ஆடிய ஊஞ்சல்

புதிய முதலாந் தொகுதி சியோதா, மினாத்தோ, ஷின்ஜுக்கு ஆகிய மூன்று வட்டாரங்களைக் கொண்டு அமைந்தது. பேரரசர் மாளிகையும், பாராளுமன்றமும், அமைச்சகங்கள் நிறைந்த கசுமிகசேக்கியும், வெளிநாட்டுத் தூதரகங்களும், பெருங் கம்பனிகளின் தலைமையகங்களும், ஷின்ஜுக்குவின் இரவுக் கடைத்தெருக்களும் இதற்குள் அடங்கின. பகலில் இங்கு உழைப்போர் மிகப் பலர். இரவில் உறங்குவோர் சிலர். 2020 இன் குடிசன மதிப்பீட்டின்படி சியோதா வட்டாரத்தில் வதிந்தோர் ஏறத்தாழ 66,000 பேரே. இத்தகைய நகர மக்களுக்குக் கட்சிப் பற்று குறைவு; ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் நாட்டின் பொதுப் போக்கை உணர்ந்து வாக்களித்தனர். எனவே இத் தொகுதி அடிக்கடி கைமாறியது.

1996 இல் யொசானோ வென்றார். சனநாயகக் கட்சியின் கையெதா தோற்றுப் பட்டியலால் மீண்டார். 2000 இற் கையெதா வென்றார், யொசானோ ஆசனமிழந்தார். 2003 இற் கையெதா மறுபடியும் வென்றார். இம்முறை யொசானோ பட்டியலால் மீண்டார். தபாற் சேவையைத் தனியார் மயமாக்குவது பற்றிப் பிரதமர் கொய்சுமி நடத்திய 2005 தேர்தலில் யொசானோ வென்றார், கையெதா ஆசனமிழந்தார். 2009 ஓகஸ்ற் 30 இல் ஆட்சியே மாறிய தேர்தலிற் கையெதா வென்றார். யொசானோ பட்டியலால் மீண்டார்.

இவ்வரலாற்றை மேலோட்டமாகப் படிப்போர் மக்களின் வல்லமையைக் கண்டு மகிழ்வர். ‘பாருங்கள், பதின்மூன்று ஆண்டுகளில் ஆசனம் மூன்று முறை கைமாறியிருக்கின்றது’ என்பர். எத்தனை முறை ஆசனம் கைமாறியது என்பதன்று கேள்வி; எத்தனை முறை தோற்றவர் வெளியேறினார் என்பதே கேள்வி. இவ்வைந்து தேர்தல்களில் மூன்றில் இருவருமே சபையில் இருந்தனர். 1993 இல் இருவரும் ஒருங்கே அமர்ந்தனர். சீர்திருத்தத்தின் பின் 1996, 2003, 2009 ஆகிய ஆண்டுகளிலும் ஒருங்கே அமர்ந்தனர். முன்னையது மக்களின் தீர்ப்பால் நேர்ந்தது. பின்னையது மக்களின் தீர்ப்பை மீறி நேர்ந்தது. வேறுபாடு அவ்வளவே.

2000 இலும் 2005 இலும் தோற்றவர் வெளியேறினாரே எனின், அதுவும் முதலாந் தொகுதி மக்களின் விருப்பத்தை மட்டும் சார்ந்து நிகழ்ந்ததன்று. 2005 இல் டோக்கியோவின் 25 தொகுதிகளுட் சனநாயகக் கட்சி வென்றது கான் நவோத்தோவின் பதினெட்டாந் தொகுதி ஒன்றையே. தோற்ற வேட்பாளர் மிகப் பலர். பட்டியல் ஆசனங்களோ சில. ஆகவே கையெதாவுக்கு இடங் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் தாராண்மைச் சனநாயகக் கட்சி தொகுதிகளிற் பெருவெற்றி ஈட்டியமையாற் பட்டியலில் எஞ்சியிருந்த பெயர்கள் தீர்ந்துபோயின. அதற்குரிய ஆசனம் ஒன்று சமூக சனநாயகக் கட்சிக்குச் சென்றது. ஆளுங் கட்சிக்கு அளித்த வாக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைச் சபைக்கு அனுப்பியது! அயற் றொகுதிகளில் யார் எத்தனை வாக்காற் றோற்றனர் என்பதைப் பொறுத்தே ஒரு தொகுதியின் தீர்ப்புச் செல்லும் அல்லது செல்லாது போகும் எனின், அதனைத் தீர்ப்பென்பது எங்ஙனம்? அது திருவுளச் சீட்டு.

பட்டியல் ஆசனத்தின் பயணம்

இம் முறையின் இழிவு 2009 இற்கும் 2011 இற்கும் இடையில் முழுமையாக வெளிப்பட்டது. 2009 இல் யொசானோ அரசின் நிதியமைச்சர். அவ்வரசின் பொருளாதாரக் கொள்கையை மக்கள் நிராகரித்த தேர்தலில், அக் கொள்கையின் பொறுப்பாளரை அவரது தொகுதி மக்களும் நிராகரித்தனர். ஆயினும் தாராண்மைச் சனநாயகக் கட்சியின் பட்டியல் அவரை மீட்டது. அவ்வாசனம் அவருக்கு உரியதன்று. கட்சியின் பெயரை எழுதிய வாக்காளருக்கு உரியது. 2010 ஏப்பிரலில் அவர் அக் கட்சியினின்றும் விலகிப் புதிய கட்சியொன்றை நிறுவுவதிற் பங்குகொண்டார். ஆசனத்தை மட்டும் விடவில்லை. பட்டியலால் வந்தவர், அத் தேர்தலிற் போட்டியிட்ட வேறொரு கட்சிக்கு மாறினால் ஆசனமிழப்பார் என்பது சட்டம். தேர்தலின் பின்னர் புதிதாகத் தோன்றிய கட்சியிற் சேர்ந்தாலோ, சுயேச்சையாக நின்றாலோ இழப்பதில்லை. சட்டத்தின் ஓட்டை அவ்வளவு அகலமானது.

அதே 2010 இற் சனநாயகக் கட்சி யப்பானியப் பொருளாதாரத்தை அழிக்கின்றது என்னும் பொருள்படும் பெயருடன் அவர் ஒரு நூலை வெளியிட்டார். 2011 சனவரியில், தாம் நிறுவிய புதிய கட்சியினின்றும் விலகி, அதே சனநாயகக் கட்சியின் பிரதமரான கான் நவோத்தோவின் அமைச்சரவையிற் பொருளாதாரக் கொள்கை அமைச்சரானார். அப் பதவியை அதுவரை வகித்தவர் யார்? முதலாந் தொகுதியில் அவரைத் தோற்கடித்த கையெதா பன்ரி. அவர் வேறோர் அமைச்சுக்கு மாற்றப்பட்டார். வாழ்க்கை நியாயத்துக்குப் புறம்பானது என்னும் கருத்துப்படக் கையெதா அன்று செய்தியாளரிடம் கூறியது நாடெங்கும் பேசப்பட்டது.

வாழ்க்கையின் மீது பழி போடுவதற்கு இதில் ஏதுமில்லை. பழி சட்டத்தின் மீதே. முதலாந் தொகுதி வாக்காளர் கையெதாவை விரும்பினர், யொசானோவை மறுத்தனர். தாராண்மைச் சனநாயகக் கட்சியின் பட்டியலுக்கு வாக்களித்தோர் சனநாயகக் கட்சியின் ஆட்சியை மறுத்தனர். இவ்விரு சாராரின் மறுப்பும் ஒருங்கு சேர்ந்து பயந்த விளைவு, மறுக்கப்பட்டவர் மறுக்கப்பட்ட ஆட்சியில் அமைச்சரானமையே. யொசானோ கற்றறிந்தவர், அரசின் கடன் சுமை பற்றி அவர் கொண்ட கவலை உண்மையானது என்பதையும் நாம் மறுக்கவில்லை. தனி மனிதரின் குணத்தை ஆராய்வது எமது வேலையன்று. எத்துணை நல்லவராயினும் மக்களின் அனுமதியின்றி ஆளலாகாது என்பதே சனநாயகத்தின் பாலபாடம்.

2012 முதல் 2024 வரை

யொசானோ களம் நீங்கிய பின்னும் கதை மாறவில்லை, பாத்திரங்களே மாறின. 2012 திசெம்பர் 16 இல் தாராண்மைச் சனநாயகக் கட்சியின் யமதா மிக்கி, மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த வாக்குகளைப் பெற்று, ஏறத்தாழ ஆயிரம் வாக்கு வேறுபாட்டிற் கையெதாவை வென்றார். பட்டியலால் மீண்ட கையெதா ஒன்பது நாள்களின் பின் சனநாயகக் கட்சியின் தலைவரானார். தன் தொகுதியில் தோற்றவரே நாட்டின் பிரதான எதிர்க்கட்சிக்குத் தலைவர்! 2014 இற் கட்சித் தலைவராகவே நின்று அவர் யமதாவிடம் மறுபடியுந் தோற்றார்; இம்முறை பட்டியலும் அவரைக் கைவிட்டது; தலைமையைத் துறந்தார். 2017 இல் அரசியலமைப்புச் சனநாயகக் கட்சியின் சார்பில் வென்றார். யமதா பட்டியலால் மீண்டார். 2021 இல் யமதா வென்றார். ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் வாக்குப் பெற்ற கையெதாவும், ஏறத்தாழ அறுபதாயிரம் வாக்குப் பெற்ற இஷின் கட்சியின் ஓனோ தைசுக்கேயும் பட்டியலால் மீண்டனர். அந்த ஆண்டு நவெம்பரிற் கையெதா சபையின் பிரதிச் சபாநாயகராகத் தெரிவு செய்யப்பட்டார். 2024 இல் அவர் தொகுதியை மீண்டும் வென்றார்.

இதனிடையே தொகுதியின் உருவமும் சிதைக்கப்பட்டது. 2017 இன் எல்லை மாற்றத்தில் மினாத்தோவினதும் ஷின்ஜுக்குவினதும் பகுதிகள் வெட்டி அகற்றப்பட்டன. டோக்கியோவின் தொகுதிகளை 25 இலிருந்து 30 ஆக உயர்த்திய 2022 இன் சட்டம், மினாத்தோவை ஏழாந் தொகுதிக்கு அனுப்பி, சியோதாவையும் முழு ஷின்ஜுக்குவையும் முதலாந் தொகுதியாக்கியது. நகர வாக்கின் மதிப்பைக் கிராம வாக்கின் மதிப்புக்குச் சமமாக்க இம் மாற்றங்கள் தேவையே. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால், வாக்கின் எடையில் ஒரு தராசுக் குன்றுமணிக்கும் கணக்குப் பார்க்கும் அரசு, எடை போட்ட வாக்கின் தீர்ப்பைக் காற்றிற் பறக்கவிடுவது என்ன நியாயம்?

2024 தேர்தலின்போது தாராண்மைச் சனநாயகக் கட்சி, அரசியல் நிதியைக் கணக்கிற் காட்டாத விவகாரத்திற் சம்பந்தப்பட்ட தன் உறுப்பினருக்குப் பட்டியலில் இடமளிக்க மறுத்தது. பலர் இதனைப் பாராட்டினர். எமக்கோ இது கட்சிகளின் வாக்குமூலமாகவே தோன்றுகின்றது. பட்டியலில் இடமில்லை என்பதே தண்டனையாயின், பட்டியலில் இடமளிப்பது சலுகை என்பது தானே போதரும். மக்களின் தீர்ப்பினின்றும் யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கின்றது. வாளை மக்களின் கையிற் கொடுத்தவர்கள் கேடயத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டனர்.

எதிர்வாதங்கள்

இம் முறையை ஆதரிப்போரின் வாதங்கள் மூன்று. முதலாவது, தோற்றவருக்கு அளிக்கப்பட்ட வாக்குகள் வீணாகா என்பது. 2021 இல் முதலாந் தொகுதி வாக்காளருட் பெரும்பாலோர் தாம் வாக்களித்தவரைச் சபையிற் கண்டனரே என்பர். இவ்வாதம் வலிமையுடையது, ஆனால் அது யாருக்கு எதிரான வாதம்? மூவருக்கும் இடமளிப்பதே நீதியாயின், மூவருக்கு இடமளிக்கும் தொகுதியை ஏன் ஒழித்தீர்கள்? 1993 இல் இருந்ததை ஒழித்து, அதன் விளைவைக் கள்ள வழியாற் கொண்டுவந்து, அதற்கு நீதியெனப் பெயர் சூட்டுவது எவ்வகைத் தருக்கம்? அன்றியும், ஒரு தொகுதி மூன்று உறுப்பினரைப் பெற, அயற் றொகுதி ஒருவரையே பெறுகின்றது. இதனை வாக்குச் சமத்துவம் என்பார் உளரோ?

இரண்டாவது, அனுபவம் மிக்க அரசியல்வாதிகள் ஒரு தேர்தலின் அலையில் அழிந்துபோகாது காக்கப்படுகின்றனர் என்பது. அலை என அவர்கள் இகழ்வது மக்களின் முடிவையே. முடிமன்னரின் காலத்தில் அரச குடும்பத்தாரைப் பாதுகாத்தற்குக் கூறப்பட்ட நியாயமும் இதுவே. 1972 இலும் 1979 இலும் தோற்ற யொசானோ அழிந்துபோகவில்லை என்பதை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது, செருமனியிலும் தொகுதியில் தோற்றவர் பட்டியலால் வருவதுண்டு என்பது. ஒப்புமை பொருந்தாது. செருமனியிற் கட்சிக்கு அளிக்கும் இரண்டாம் வாக்கே சபையின் மொத்த விகிதத்தைத் தீர்மானிக்கின்றது. அங்கு தொகுதி வாக்கு ஆட்சியைத் தீர்மானிப்பதாக எவரும் நடிப்பதில்லை. யப்பானிலோ தொகுதியும் பட்டியலும் தனித்தனிக் கணக்குகள். பெரும்பான்மை ஆசனங்கள் தொகுதிகளுக்கு உரியவை. தேர்தலின் பிரசாரம் முழுவதும் ‘இவரா, அவரா’ என்றே நடைபெறுகின்றது. ஒருவரையே தெரிவு செய்கின்றோம் என்று நம்பவைத்துப் பின்னர் இருவரையும் மூவரையும் கொடுப்பதிலேயே வஞ்சகம் அடங்கியிருக்கின்றது.

இவ் விடயம் எமக்கு அந்நியமானதன்று. இலங்கையில் 1988 இன் பதினான்காவது திருத்தத்தாற் றோன்றிய 29 தேசியப் பட்டியல் ஆசனங்களில், மாவட்டத் தேர்தலிற் றோற்றோர் 2015 இல் நியமனம் பெற்றதை நாம் கண்டோம். 2018 இன் உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரமும் பட்டியலுங் கலந்த முறையையும் கண்டோம். கலப்பு முறையின் அழகைப் பற்றிப் பேசுவோர் டோக்கியோ முதலாந் தொகுதியின் வரலாற்றை ஒருமுறை கற்றறிதல் நலம்.

செய்யத்தக்கது

யப்பானுக்கு நேரிய வழிகள் இரண்டே. ஒற்றையுறுப்பினர் தொகுதி வேண்டுமெனின், ஒருவர் ஒரு வாயிலில் மட்டுமே நிற்கலாம் எனச் சட்டமியற்றுக. தோற்றவர் அடுத்த தேர்தல்வரை வெளியே நிற்கட்டும். பல குரல்களுஞ் சபையில் ஒலித்தல் வேண்டுமெனின், ஒற்றையுறுப்பினர் தொகுதியைக் கைவிட்டு, வெளிப்படையான விகிதாசார முறையைக் கொள்க. பட்டியலின் வரிசையை மக்களே தீர்மானிக்கட்டும்.

இவ்விரண்டனுள் இரண்டாவதையே நாம் விரும்புகின்றோம். நகரத் தொகுதியொன்றின் வாழ்வில் ஹத்தோயாமாவுக்கும் அசனுமாவுக்கும் நோசாக்காவுக்கும் இடமிருந்தது. அத்தகைய பன்மையை ஓர் ஆசனத்துக்குள் அடைப்பது இயலாது. யப்பானுக்கு இது புதிய பாடமுமன்று. அந் நாட்டு மேற்சபையின் விகிதாசாரத் தேர்தலில், கட்சியின் பெயருக்குப் பதிலாக வேட்பாளரின் பெயரையே எழுதி வரிசையை மக்கள் நிருணயிக்கும் முறை 2001 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் 2018 இற் சிறப்பு ஒதுக்கீடு என்னும் பக்கக் கதவொன்றைக் கட்சிகள் திறந்துகொண்டன என்பது வேறு. கதவு திறக்கும் கலையிற் கட்சிகள் வல்லன. அவற்றை அடைக்கும் வேலை மக்களுடையது.

தோல்வி என்பது சனநாயகத்தில் இழிவன்று. அதிகாரத்தில் இருந்தவர் சாதாரண மனிதரோடு மறுபடியும் வரிசையில் நின்று, தம் செயலைச் சிந்திப்பதற்கு அது தரும் ஓய்வு விலைமதிப்பற்றது. அவ்வோய்வை அரசியல்வாதிக்கு மறுத்த சட்டம், அதனை அளிக்கும் அதிகாரத்தை மக்களுக்கும் மறுத்துவிட்டது. 1996 தொடக்கம் 2024 வரை முதலாந் தொகுதியின் வாக்காளர் பத்துமுறை பேசினர். ஆறு முறை, அவர்கள் ‘வேண்டா’ என்று கூறியவர் சபையில் அமர்ந்தவாறே அச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதனை மாற்றாதவரை அத் தொகுதி மக்களுக்குக் கிடைத்திருப்பது வாக்கே, அதன் பயனன்று.